மலைக்கு அப்பால் வெயில்

ஈழத்துத் தமிழர் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்தவர்கள். வடக்கேயிருந்து வருவதை வாடை என்றனர். கிழக்கேயிருந்து வருவதைக் கொண்டல் என்றனர். தென்மேற்கேயிருந்து எழுவது யாழ்ப்பாணத்தார் வாயிலே சோளகம். அதே பருவத்தில் நடுமலைகளைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கமாக இறங்கும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். கடற்றொழிலாளர் வள்ளம் இறக்குவதும், கமக்காரர் விதைப்பதும் அறுப்பதும், அடியார்கள் கானகத்தினூடே கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் புறப்படுவதும் இக்காற்றுகளை அறிந்தே நடைபெற்றன. நாமோ இன்று பாடசாலை விடுமுறையையும் அலுவலக லீவையும் பார்த்துப் பிரயாணம் வகுக்கிறோம். காற்று தன் கணக்கை நமக்காக மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே, சில வேளைகளில் நம் கணக்கை நாமே நடுவழியில் மாற்ற நேரிடுகிறது. அவ்வாறு மாறிய ஒரு பிரயாணத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2018 ஆம் ஆண்டு ஆடி மாதம், பாடசாலைகளின் இரண்டாந் தவணை விடுமுறையிலே, கூடாரம் அடித்துத் தங்கும் பிரயாணம் ஒன்றுக்கு ஆயத்தமானோம். கூட்டத்தில் எழுவர்: நாம் இருவர், தமையனாரும் அண்ணியாரும், அவர்களுடைய மக்கள் இருவர், எம் பெரியம்மா. வான் சாரதியையும் சேர்த்தால் எண்மர். இரண்டு கூடாரங்கள், பெரிய படங்கு ஒன்று, காஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, மாசிச் சம்பல், கம்பளிகள் என வான் நிறைந்துவிட்டது.

திட்டத்தை வகுத்தவன் தமையனாரின் மகன். வயது பன்னிரண்டு. வானியலில் அவனுக்கு அடங்காத ஆசை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுப்பகுதியில், சுவிஃப்ட்-டட்டில் என்னும் வால்வெள்ளி விட்டுச் சென்ற தூசுப் படலத்தினூடே நம் பூமி செல்கின்றது. அத்தூசு காற்று மண்டலத்தில் உராய்ந்து எரிவதே பேர்சியஸ் எரிகற் பொழிவு. 12, 13 ஆம் திகதிகளில் அது உச்சமடையும். அதற்கு முந்திய இரவுகளிலும் நன்கு தென்படும். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 ஆம் திகதி அமாவாசை. நிலவின் இடையூறு இல்லை. பட்டினத்து விளக்குகளிலிருந்து விலகி, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்தால் எரிகற்களை எண்ணித் தீராது என்பது அவன் வாதம். மழைக்காலமாயினும் ஆகஸ்டில் இடையிடையே வானம் வெளிப்பதுண்டு என்று தமையனாரும் இசைந்தார். அனுமதிக்கு வேண்டிய பணமும் கட்டியாயிற்று.

பெரியம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "பதினோராந் திகதி ஆடி அமாவாசையா மனே?" ஆம் என்றதும் அவர் வேறொன்றும் பேசவில்லை. காலஞ்சென்ற அவருடைய கணவரின் ஊர் கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவில். அங்குள்ள சித்திரவேலாயுத சுவாமி கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கிழக்கு மாகாணம் முழுவதும் அறிந்த ஒன்று. கணவர் மறைந்து இருபதாண்டுகள் ஆகியும், அந்நாளில் அக்கடலிலே தீர்த்தமாட அவருக்கு வாய்க்கவில்லை. முதலில் போர் வழியை மறித்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த கடற்கோள் கரையோரத்து வீட்டையும் கொண்டுபோயிற்று. பின்னர் முதுமை வந்தது. பேரப்பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்க விரும்பாமல் அவர் மௌனமாயிருந்தார் என்பதை அண்ணியார் மட்டும் குறிப்பால் உணர்ந்திருந்தார்.

கித்துல்கலையில் முதல் இரவு

புதன்கிழமை காலை கொழும்பை விட்டு அவிசாவளை வழியாகக் கித்துல்கலையை அடைந்தோம். களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரைத்தோடும் அழகிய இடம் அது. 1957 இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்தின் பெரும் பகுதியை இவ்வாற்றங்கரையிலேதான் படம்பிடித்தனர். கரையிலே கூடாரம் அடிக்க இடம் கொடுக்கும் ஒருவரிடம் முன்னரே பேசியிருந்தோம்.

நாம் சென்றபோது தூறல் மட்டுமே இருந்தது. மணற்றிட்டைச் சுட்டி, "இங்கேதான் அடிக்கப்போகிறோம்" என்றோம். இடத்துக்காரர் ஆற்றை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுத்தார். காலையில் தேநீர் நிறத்திலே தெளிவாய் ஓடிய நீர் மண்ணிறம் கொண்டுவிட்டதையும், சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வருவதையும் காட்டினார். "இங்கே தூறல்தான், மஹத்தயா. மேலே பெருமழை. ஆறு மேலே பெய்வதைத்தான் சொல்லும்" என்று சிங்களத்திலே விளக்கினார். கூடாரம் பைக்குள்ளேயே கிடந்தது. அவருடைய விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது மணற்றிட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பழுப்பு நிற வெள்ளம் புரண்டு ஓடியது. அண்ணியார் பிள்ளைகள் இருவரையும் அணைத்துக்கொண்டு நெடுநேரம் அதனைப் பார்த்தபடி நின்றார்.

ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்க விரும்பும் குடும்பத்தினர் இதனை மனத்திற் கொள்வது நன்று. வெள்ளம் வருவதற்கு நம் தலைக்கு மேல் மழை பெய்யவேண்டும் என்பதில்லை. நீரின் நிறம் மாறுதல், சருகு மிதத்தல், ஓசை கனத்தல் ஆகிய மூன்றும் ஆறு தரும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டால் சாமான்களைப் பாராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நுவரெலியாவில் ஓர் ஆலோசனை

வியாழக்கிழமை மலையேறினோம். கினிகத்தேனையைத் தாண்டி வட்டவளை வரும்போது மழை திரைபோல் தொங்கியது. இலங்கையிலே மிகுந்த மழை பெறும் பிரதேசம் இதுவே. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பொழிகின்றது. தலையிலே கொங்காணியும் இடையிலே படங்குச் சாக்கும் கட்டிய பெண்கள் அம்மழையிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். நாம் வானின் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர்களைப் பார்த்துச் சென்றோம். ஹற்றனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே டெவோன் நீர்வீழ்ச்சியின் முழக்கம் கேட்டது. மூடுபனியில் அருவி கண்ணிற் படவில்லை.

நண்பகலில் நுவரெலியாவை அடைந்தோம். தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கியபோது, சமவெளியிலிருந்து அப்போதுதான் இறங்கிய வான்காரர் ஒருவரைச் சந்தித்தோம். மேலே காற்றும் மழையும் ஓயவில்லை. உலக முடிவுக்குச் சென்றவர்கள் வெண்பனியைத் தவிர ஒன்றையும் காணாமல் திரும்பினர். கூடாரம் அடித்திருந்த இளைஞர் குழுவொன்று இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்றார்.

ஏழு பிளேன்ரீக் கோப்பைகளைச் சுற்றி ஆலோசனை நடந்தது. நுவரெலியாவிலே அறை எடுத்து மழை விடும்வரை காத்திருக்கலாம் என்றார் தமையனார். பிள்ளைகளுக்குத் தடிமன் பிடிக்குமுன் கொழும்புக்குத் திரும்பலாம் என்றார் அண்ணியார். கட்டிய பணம் போகிறதே என்பதும் பேசப்பட்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. ஓராண்டாக எழுதி வைத்த நட்சத்திரப் படத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தான். கண்களில் நீர் தளும்பியது; பன்னிரண்டு வயதுப் பிள்ளை பலர் முன்னிலையில் அழ விரும்பவில்லை.

பெரியம்மா கோப்பையை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "இஞ்ச பார் மனே. இஞ்ச மழையாக் கொட்டுற இந்தக் காத்துத்தான் மலைக்கு அங்கால கச்சானா வீசுது. நம்மட ஊரில இப்ப ஒரு துளி மழையும் இராது. வானம் கழுவித் துடைச்ச கண்ணாடி மாதிரிக் கிடக்கும்."

"கச்சானா? வறுத்த கச்சானா ஆச்சி?" என்று ஏழு வயதுச் சிறுமி கேட்டாள். வேர்க்கடலைக்கும் காற்றுக்கும் நம் நாட்டில் ஒரே பெயர் அமைந்த வினோதத்தால் கடையிலிருந்த அந்நியரும் சேர்ந்து சிரித்தனர். பையன் சிரிக்கவில்லை. "அங்கே வெளிச்சம் இல்லாத இடம் இருக்குமா ஆச்சி?" என்றான்.

"அமாவாசை இருட்டில கடற்கரையில என்ன வெளிச்சம் மனே!"

அமாவாசை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் அண்ணியார் தமையனாரை நோக்கினார். தமையனார் எழுந்து சென்று சாரதியிடம் பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார். முடிவு அவ்வளவில் ஆயிற்று. சமவெளிக்குக் கட்டிய பணம் போயிற்று. அதைப் பற்றிப் பின்னர் யாரும் பேசவில்லை.

மழை நின்ற இடம்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதி சீதா எலியாவைக் கடந்து ஹக்கலைக்கு வருகிறது. 1861 இல் சிங்கோனா மரம் வளர்ப்பதற்கென அமைக்கப்பட்டுப் பின்னர் பூந்தோட்டமாய்ப் புகழ்பெற்றது ஹக்கலைத் தாவரவியற் பூங்கா. அதன் வாயிலைக் கடக்கும்போது சாரதி கண்ணாடித் துடைப்பானை வேகமாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். வீதி வளைந்து வளைந்து இறங்கியது. மழை தூறலாயிற்று; தூறல் பனித்துளியாயிற்று; பின்னர் உலர்ந்த கண்ணாடியிலே துடைப்பான் கிறீச்சிட்டது. சாரதி அதை நிறுத்தினார். வானுக்குள்ளே ஒரு பேரமைதி. முன்னாலே ஊவாவின் புல்மலைகள் பொன்னிறமாய்க் காய்ந்து, இடையிடையே உருளைக்கிழங்கும் போஞ்சியும் பயிரிட்ட படிக்கட்டுப் பாத்திகளோடு பரந்து கிடந்தன. திரும்பிப் பார்த்தோம். நாம் விட்டுவந்த மலைமுகடு முழுவதும் வெண்முகில் மதில்போல் நின்றது. அது முகட்டிலிருந்து சிறிது வழிந்து இறங்குவதும், இறங்கிய இடத்திலேயே கரைந்து மறைவதுமாய் இருந்தது. ஒரு சாணும் இப்பால் வரவில்லை.

இதன் காரணம் பலருக்கும் பாடசாலையில் கற்ற நினைவிருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்கு மலைச்சரிவில் ஏறுகின்றது. ஏற ஏறக் குளிர்கின்றது. குளிர்ந்தால் ஈரம் தங்காது, மழையாய் விழுகின்றது. ஈரத்தை இழந்த காற்று முகட்டைக் கடந்து மறுபுறம் இறங்கும்போது ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறுகின்றது. ஏறும்போது மழை பெய்துகொண்டிருந்தமையால் அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை. ஆகவே அது புறப்பட்ட போதிலும் வெப்பமாகவும் உலர்வாகவும் கிழக்குச் சமவெளியை அடைகின்றது. பெரியம்மாவின் கச்சான் அதுவே. ரயிலிற் செல்வோர் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்திலே இதனைக் காண்பதுண்டு. ஒரு வாயிலில் மழையோடு நுழைந்து மறு வாயிலில் வெயிலோடு வெளிவருவர்.

அன்றிரவு பண்டாரவளைக்கு அருகே, முகாமிடுவோர்க்கு இடம் கொடுக்கும் புல்மேடொன்றில் முதன்முறையாகக் கூடாரங்களை விரித்தோம். மழை இல்லை, ஆனால் காற்று எம்மைச் சும்மா விடவில்லை. கூடாரத்தின் ஒடுங்கிய பக்கத்தைக் காற்றுக்கு முகங்கொடுத்து நாட்டவும், முளைகளைக் கயிற்றுக்கு எதிர்ப்புறமாய்ச் சாய்த்து அடிக்கவும், வானைக் காற்றுத் தடுப்பாகக் குறுக்கே நிறுத்தவும் சாரதி சொல்லிக் கொடுத்தார். அவ்வாறு செய்த பின்னரும் துணி இரவெல்லாம் படபடத்தது. மேற்கு முகட்டிலிருந்து கிழிந்து வந்த முகில்கள் வானத்தில் ஓடின. அவற்றின் இடைவெளியிலே பையன் இரண்டு எரிகற்களைக் கண்டான். "இரண்டுதான்" என்றான் காலையில். முகத்தில் கோபம் தணிந்திருந்தது.

கொஸ்லாந்தையில் ஒரு முதியவர்

வெள்ளிக்கிழமை அப்புத்தளை வழியாகப் பெரகலைக்கு இறங்கி, வெல்லவாய வீதியிலே திரும்பினோம். கொஸ்லாந்தையில் ரொட்டி வாங்குவதற்காக ஒரு கடையில் நின்றோம். வாசலில் இருந்த முதியவர் தோட்டத்திலே நாற்பதாண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். மேற்கே மழைக்குத் தப்பி இப்பக்கம் திரும்பினோம் என்று தமையனார் சொன்னார். இங்கே எவ்வளவு நல்ல வெயில் என்று நாமும் வியந்தோம்.

முதியவர் மெல்ல நகைத்தார். "இப்ப வெயில்தாங்க. ஐப்பசில வந்து பாருங்க" என்று கூறி, மேலே மலைப் பக்கமாகக் கையை நீட்டினார். மீரியபெத்தை அங்கேதான் இருந்தது.

2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் திகதி காலை. பல நாள் அடைமழைக்குப் பின்னர் மலைச்சரிவு பெயர்ந்து மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் விழுந்தது. இறந்தோரிற் பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தமையால் தப்பிய பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பின்னர் பூனாகலைப் பகுதியில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. இவையெல்லாம் நாம் பத்திரிகையிற் படித்தவை. அந்த மலையை நேரிலே பார்த்துக்கொண்டு கேட்பது வேறாயிருந்தது.

"எச்சரிக்கை சொல்லத்தான் செஞ்சாங்க" என்றார் முதியவர். "மழைன்னா நீங்க வண்டிய திருப்பிக்கிட்டு வேற பக்கம் போயிருவீங்க ஐயா. நாங்க லயத்த எங்கிட்டுத் திருப்புறது?"

எமக்கு விடை தெரியவில்லை. பையன் வான் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதியவர் குரலில் கடுமை இல்லை. பேசி முடித்ததும் எழுந்து, கடைக்காரரிடம் எமக்காக ரொட்டியைச் சூடாகச் சுடச்சொன்னார். பெரியம்மா தம் பையிலிருந்த கச்சான் பொட்டலத்தை அவரிடம் கொடுத்து, "அமாவாசைக்கு ஊருக்குப் போறன் தம்பி" என்றார். "செத்தவங்கள நெனைக்கிற நாளு. போய்ட்டு வாங்கம்மா" என்று விடை கொடுத்தார் அவர்.

சிறிது தூரத்திலே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரத்தில் தெரிந்தது. வறட்சியால் மெலிந்து, வெள்ளை நூலிழைபோல் காற்றில் அசைந்தது. அதன் முன்னே நின்று படம் எடுக்க யாரும் அவசரப்படவில்லை.

கிழக்குக் கரை

வெல்லவாயவில் வெக்கை முகத்தில் அறைந்தது. காலையில் போர்த்திய கம்பளிகளைச் சுருட்டி ஆசனத்தின் கீழ்த் தள்ளினோம். மொனராகலை, சியம்பலாண்டுவை எனச் சென்று இலாகுகலைக் குளத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வறண்ட மாதங்களில் நீரையும் குளத்துப் புல்லையும் நாடி யானைகள் இங்கே கூடுவது வழக்கம். தொலைவிலே ஒன்பது யானைகளை எண்ணினாள் சிறுமி. இருட்டுமுன் காட்டுப் பகுதியைக் கடந்துவிட வேண்டுமென்று சாரதி எம்மை விரட்டினார். பொத்துவிலில் கடலைக் கண்டோம். பின்னர் கோமாரி வழியாக வடக்கே திரும்பித் திருக்கோவிலை அடையும்போது இரவாகிவிட்டது.

பெரியம்மாவின் கணவருடைய தம்பியாரின் வளவு கடலைப் பார்த்தது. வீடு நிறைய அமாவாசைக்கு வந்த உறவினர். உள்ளே படுக்க இடம் உண்டா என்ற சங்கடம் யாருக்கும் ஏற்படவில்லை. எம்மிடம்தான் கூடாரம் இருந்ததே! தென்னையின் கீழ் அடித்தால் தேங்காய் விழும் என்பதால் வளவின் எல்லையில் வெறும் மணலிலே விரித்தோம். மணலில் முளை நிற்காது. சாக்குகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தோம். பகலெல்லாம் வீசிய கச்சான் தணிந்துவிட்டது. கடல் அலை கரையை மெல்லத் தொட்டது. இடியப்பமும் சொதியும் வந்தன. சட்டித் தயிரும் வந்தது.

நள்ளிரவுக்குப் பின் பையன் எம்மை எழுப்பினான். கூடாரத்துக்கு வெளியே வந்து நிமிர்ந்தோம். அத்தனை நட்சத்திரங்களை நாம் அதற்கு முன் கண்டதில்லை. வடகிழக்கே கடலுக்கு மேலிருந்து ஒளிக்கோடு ஒன்று வானத்தைக் கீறிச் சென்றது. சற்றுக் கழித்து இன்னொன்று. பெரியம்மாவும் மணலில் வந்து அமர்ந்திருந்தார். பையன் எண்ண எண்ண அவர் விரலை மடக்கிக் கணக்கு வைத்தார். கீழ்வானம் வெளுக்கும்போது கணக்கு இருபத்து மூன்றில் நின்றது.

விடிந்ததும் கடற்கரை மனிதத் தலைகளால் நிறைந்தது. மேளமும் அரோகரா ஒலியும் முழங்க சுவாமி கடற்கரைக்கு எழுந்தருளினார். பெரியம்மா தமையனாரின் கையை ஒரு பக்கமும் பேரனின் கையை மறு பக்கமும் பற்றியபடி நீரிலே இறங்கினார். கடற்கோளுக்குப் பின்னர் அவர் அக்கடலில் கால் வைத்தது அன்றுதான். முழங்காலளவு நீரில் சிறிது தயங்கி நின்றார். பின்பு மூன்று முறை மூழ்கி எழுந்தார். கரையேறிய போது முகத்தில் வழிந்தது கடல் நீரா கண்ணீரா என்று நாம் ஆராயவில்லை.

குடும்பத்தோடு புறப்படுவோர்க்கு

மழையால் திட்டம் குலையும்போது வீடு திரும்புவது ஒன்றே வழியென்று எண்ண வேண்டியதில்லை. நம் தீவு சிறிது. ஒரு பக்கத்து மழைக்கு மறு பக்கம் பெரும்பாலும் வெயில் உண்டு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது கிழக்கும் வடக்கும் ஊவாவின் தாழ்நிலமும் உலர்ந்திருக்கும். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும். அப்போது மேற்குக்கும் தென்கரைக்கும் செல்லலாம். சிவனொளிபாத மலை யாத்திரை டிசெம்பர் பூரணையில் தொடங்கி வெசாக்கோடு முடிவதும் இக்கணக்கின்படியே. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழையை எதிர்பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் நாடெங்கும் மழை பெய்யும். வங்கக் கடலிலே புயலும் பிறக்கும். அம்மாதங்களில் மலைநாட்டிலே கூடாரம் வேண்டாம்.

மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் வெளியிடுகின்றது. மஞ்சள் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாகவும், சிவப்பு உடனே வெளியேறவும் சொல்கின்றன. மலைவீதியில் இறங்குமுன் அதனைப் பார்த்துக்கொள்வது இரண்டு நிமிட வேலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது மலைநாட்டின் எத்தனையோ சரிவுகள் பெயர்ந்தன. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அச்செய்திகளை வாசித்த நாட்களில் கொஸ்லாந்தை முதியவரின் கேள்வி எம் காதில் மீண்டும் ஒலித்தது. இப்போது வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் வயதை எட்டிவிட்ட பையன், நிவாரணப் பொருள் சேர்க்கும் இளைஞரோடு சேர்ந்து இரண்டு வாரம் வீடு தங்கவில்லை. யாரும் அவனை ஏவவில்லை.

மலைநாட்டுக்குச் செல்வோர் அங்குள்ள சிறு கடையில் இறங்கி ஒரு தேநீர் குடியுங்கள். வீதியைப் பற்றியும் மழையைப் பற்றியும் அங்கு வாழ்வோரிடமே கேளுங்கள். "இன்றைக்கு மேலே போகவேண்டாம்" என்று அவர்கள் சொன்னால், கட்டிய பணத்தை நினையாமல் வண்டியைத் திருப்புங்கள். திருப்பிச் செல்ல வேறு பக்கம் நமக்கு உண்டு. அது இல்லாதோரும் அச்சரிவிலே குடியிருக்கின்றனர். அவர்களுக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் வேண்டும் என்று யாராவது கேட்கும்போது, நம் குரலும் அதில் இருக்கட்டும்.